ஆற்றை மரம்?

மாசி மாதத்தில் ஒரு காலை. பெங்களூர் லால்பாக் பூங்காவில் ஒரு பெரிய இலவ மரத்தின் கீழே நின்று, அண்ணாந்து பார்த்தபடி அம்மா கேட்டார்: "இது ஆற்றை மரம் பிள்ளை?"

அந்த மரத்தின் வேர்கள் நிலத்துக்கு மேலே பலகைபோல எழும்பி விரிந்திருந்தன. இரண்டு வேர்களுக்கு நடுவில் ஒரு கன்றுக்குட்டியைக் கட்டிவிடலாம். அடியில் ஒரு பெயர்ப்பலகை, அதில் தாவரவியல் பெயர். நான் அதை வாசித்துச் சொல்லத்தான் வாயெடுத்தேன். அம்மா மரத்தின் பெயரைக் கேட்கவில்லை, அது ஆருடைய மரம் என்று கேட்டார். இலவ மரத்தை அவருக்குத் தெரியாதா? எங்கள் வீட்டுத் தலையணை எல்லாம் இலவம் பஞ்சுதான்.

"அரசாங்கத்தின்ர, அம்மா" என்றேன்.

"அரசாங்கம் எண்டால் ஆர்?"

எனக்குச் சட்டென்று மறுமொழி வரவில்லை. தன் காணியை இருபத்தெட்டு வருடம் அரசாங்கம் வைத்திருந்த ஒருவருக்கு, "அரசாங்கத்தின் மரம்" என்றால் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று அப்போது யோசிக்கவில்லை. ஊருக்கு வந்து நாலு மாதம் ஆன பிறகும் அந்தக் கேள்வி எனக்குள் கிடந்து உருள்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

நாங்கள் பெங்களூர் போனது சின்னம்மாவைப் பார்க்க. 1990இல் போரால் யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கிலிருந்து எல்லோரும் எழும்பி ஓடியபோது அம்மா குடும்பம் மானிப்பாய்ப் பக்கம் வந்தது, சின்னம்மா குடும்பம் படகேறி இராமேஸ்வரம் போனது. அதற்குப் பிறகு அக்காவும் தங்கையும் நேரில் கண்டது இரண்டே இரண்டு தடவை. சின்னம்மாவின் மகன் இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறான், வீடு ஜெயநகரில். லால்பாக் கிட்டத்தான். பலாலியில் விமானம் ஏறினால் ஒன்றரை மணித்தியாலத்துக்குள் சென்னை, அங்கிருந்து ரயில். விமானம் எழும்பிய கையோடு அம்மா சன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டார். "வளவு தெரியுதோ எண்டு பாத்தன்" என்று மட்டும் சொன்னார். நாங்கள் ஒரு காலத்தில் போகவே முடியாமல் இருந்த மண்ணிலிருந்து எழும்பித்தான் அந்த விமானம் பறக்கிறது. அதைப் பற்றி அவர் வேறொன்றும் பேசவில்லை.

சின்னம்மா தினமும் காலையில் லால்பாக்கில் நடக்கிறவர். இனிப்பு வருத்தம் (நீரிழிவு) வந்த பிறகு பழகியது. முதல் நாளே எங்களையும் கூட்டிக்கொண்டு போனார். எனக்குள் பெரிய ஆவல் இருந்தது. நான் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். பிள்ளைகளைப் பேராதனைப் பூங்காவுக்குச் சுற்றுலா கூட்டிப்போய் வந்திருக்கிறேன். யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒன்று வாழ்க்கையில் காணும் முதல் பெரிய பூங்கா அநேகமாக அதுதான். பேராதனை 1821இல் தொடங்கியது, லால்பாக் அதைவிட அறுபது வருடம் மூத்தது. 1760இல் ஹைதர் அலி தொடங்கி, மகன் திப்பு சுல்தான் பெருப்பித்தது. இன்றைக்கு 240 ஏக்கர். ஒரு நகரத்தின் நடுவில் 240 ஏக்கர் மரம் நிற்கிறது என்பதை யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு மனதில் வரைந்து பார்ப்பது கஷ்டம்.

உள்ளே போனதும் முதலில் வருவது அந்தப் பாறை. மரத்தைப் பார்க்கப் போனவர்களை ஒரு கல் நிறுத்திவிடுகிறது. 300 கோடி ஆண்டுகள் பழையது என்று அதன் வயதைச் சொல்கிறார்கள். உச்சியில் பெங்களூரை உருவாக்கிய கெம்பே கவுடாவின் பெயரில் ஒரு சிறிய கோபுரம். சனங்கள் அதில் ஏறி, இருந்து, வெயில் காய்ந்துகொண்டிருந்தார்கள். அம்மா குனிந்து பாறையை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். "எங்கட கல்லு தண்ணி குடிக்கும். இது ஒரு சொட்டும் குடியாது" என்றார். சுண்ணாம்புக் கல்லின் மேல் கிணறு வெட்டி வாழ்ந்த ஊர் எங்களது. மழைத் தண்ணீரை எங்கள் நிலம் உள்ளே வாங்கி வைத்துக்கொள்வதால்தான் ஆறே இல்லாத இடத்தில் தோட்டம் செய்ய முடிகிறது. பாடப்புத்தகத்தில் நான் இரண்டு பாடம் எடுத்து விளக்குவதை அம்மா ஒரு தடவலில் சொல்லி முடித்துவிட்டார்.

அதற்குப் பிறகுதான் இலவ மரம். அந்தக் கேள்வி.

சின்னம்மா பகிடியாக எடுத்துக்கொண்டார். "அக்கா, நீ இன்னும் வேலிக்குள்ளதான் நிக்கிறாய்" என்றார். முப்பது வருடத்துக்கு மேலான தமிழ்நாட்டு வாழ்க்கையில் சின்னம்மாவின் பேச்சு மாறியிருந்தது. ஆனால் அக்காவோடு சண்டைக்கு நிற்கும்போது பழைய பேச்சு தானாக வந்துவிடும். அம்மா விடவில்லை. மகாராணி எலிசபெத் 1961இல் வந்தபோது நட்ட மரம் ஒன்று அங்கே நிற்கிறது, ஊசிபோல நேராக உயர்ந்த அரோகேரியா. நான் அதைக் காட்டியதும் அம்மா, "அப்ப அதில அவவுக்கும் பங்கு இருக்கு" என்றார். நான் சிரித்துவிட்டேன். அம்மா சிரிக்கவில்லை. அவர் சொன்னதில் எங்கள் ஊர்ச் சட்டம் முழுவதும் இருந்தது என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

வேலிக்குள் வளர்ந்தவர்கள்

யாழ்ப்பாணத்தில் ஆளில்லாத மரம் என்று ஒன்று கிடையாது. நான் சின்ன வயதில் படித்த முதல் சட்டம் அது. ரோட்டுக்கு நீட்டிக்கொண்டு நிற்கும் கொய்யாவுக்கும் ஒரு ஆள் உண்டு, ஒழுங்கை முடக்கில் நிற்கும் புளிக்கும் ஒரு ஆள் உண்டு. காணி உறுதியில் வீடு, கிணறு, பனை, தென்னை என்று எழுதி வைப்பார்கள். சகோதரங்களுக்குள் காணி பிரியும்போது ஒரு கிணற்றைப் பங்குக் கிணறாக வைப்பதுபோல, ஒரு பலா மரத்தின் பழத்துக்கும் பங்கு வைத்த குடும்பங்கள் எனக்குத் தெரியும். 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த எங்கள் வழமைச் சட்டமான தேசவழமையிலேயே, ஒருவருடைய நிலத்தில் இன்னொருவர் நட்டு வளர்த்த மரத்தின் பலனை எப்படிப் பிரிப்பது என்பதற்கு விதி இருக்கிறது. நட்டவருக்கு ஒரு பங்கு, நிலத்துக்காரருக்கு ஒரு பங்கு. அந்தக் கணக்கில் பார்த்தால் அம்மா மகாராணிக்குப் பங்கு கேட்டதில் பிழையே இல்லை.

இதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனமில்லை. அந்தச் செம்பாட்டு மண்ணில் மழை வருவது வருடத்தில் மூன்று மாதம். மிச்ச நாளெல்லாம் மரம் நிற்பது யாரோ ஒருவர் கிணற்றில் அள்ளி ஊற்றுவதால். ஊற்றுகிறவர் தன்னுடையது என்று நினைத்துத்தான் ஊற்றுகிறார். வேலியில் நடும் கிளுவைக்கும் பூவரசுக்கும் முள்முருக்குக்கும்கூட வேலை உண்டு. குழை வெட்டித் தோட்டத்துக்குத் தாட்பார்கள், ஆட்டுக்குக் கட்டுவார்கள். பயன்தரு மரம் என்பது எங்கள் ஊர்ச் சொல். "பயன்தரு மரங்கள் நிற்கும் காணி" என்று பத்திரிகையில் விற்பனை விளம்பரம் வரும். பயன் தராத மரத்துக்குத் தண்ணீர் ஊற்ற எங்களிடம் தண்ணீர் இருந்ததில்லை.

ஆனால் அந்த ஏற்பாட்டில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. ஆள் போனால் மரமும் போய்விடும். போரில் நாங்கள் கண்ணால் கண்டது அதுதான். ஆட்கள் இல்லாத வளவுகளில் பனைகளைத் தறித்துப் பதுங்குகுழிக்குக் குற்றி போட்டார்கள். அந்த வேலையைச் செய்யாத தரப்பு என்று ஒன்றும் இல்லை. பலாவும் வேம்பும் விறகாகின. கேட்க ஆள் இல்லை என்றால் அது வெட்டலாம் என்ற மரம். நெடுந்தீவுப் பெருக்க மரத்தை (பாவோபாப்) நினைத்துப் பார்க்கிறேன். கடல் கடந்து வந்த வியாபாரிகள் கொண்டுவந்தது என்று சொல்லப்படும் மரம், அடியில் பொந்து, உள்ளே ஆள் நிற்கலாம். அதன் கட்டை மெத்து, தளபாடத்துக்கோ தூணுக்கோ ஆகாது. அது இத்தனை காலம் தப்பி நிற்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கும் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

லால்பாக்கில் நடக்கும்போது எனக்குள் வந்தது வியப்பு அல்ல, பொறாமை. முதுமையில் சாக விடப்பட்ட மரங்கள் அவை. அதை எங்கும் கண்டு பழகாதவர்களுக்குத்தான் அந்தப் பொறாமை விளங்கும். நாங்கள் பாதி எரிந்த பனைகளையும், தலை இல்லாத தென்னைகளையும் பார்த்து வளர்ந்த தலைமுறை. ஒரு மரம் தன் வயதைத் தானே முடித்துக்கொள்ளலாம் என்பதே எனக்குப் புதிதாக இருந்தது.

ஒரு அரசரின் பழத்தோட்டம்

பெங்களூரில் இருந்த அந்தப் பத்து நாளும் தம்பியின் வீட்டில் இரவில் லால்பாக்கைப் பற்றி வாசித்தேன். அம்மாவுக்குச் சொல்வதற்கு ஒரு விடை வேண்டும் என்று இருந்தது. வாசிக்க வாசிக்க, அம்மாவின் கேள்வி நான் நினைத்த மாதிரி அறியாத கேள்வி இல்லை என்று தெரிந்தது. லால்பாக் தொடங்கியது பொதுமக்களுக்கு அல்ல. அது ஒரு ஆட்சியாளரின் சொந்தத் தோட்டம். 1800இல் பிரான்சிஸ் புக்கானன் என்ற வைத்தியர் அந்தப் பக்கம் பயணம் செய்து எழுதி வைத்திருக்கிறார்: சதுரம் சதுரமாகப் பிரித்த நிலம், நடைபாதை ஓரமெல்லாம் சைப்ரஸ் மரங்கள், சதுரத்துக்குள்ளே பழமரங்களும் கறிக்குரிய செடிகளும், ஒவ்வொரு வகைக்கும் தனித்தனித் துண்டு நிலம். பயன்தரு மரங்கள்! அம்மாவும் காணியை அப்படித்தான் பிரிப்பார்: இந்தப் பக்கம் மா, அந்தப் பக்கம் தோடை, கிணற்றடியில் வாழை.

அந்தத் தோட்டத்துக்கும் ஒரு போர் வந்தது. 1799 மே மாதம் சீரங்கப்பட்டணம் விழுந்தது, திப்பு இறந்தார். உரியவர் போய்விட்டார். எங்கள் கணக்கின்படி அடுத்த வருடமே அங்கே கோடரி விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. கிழக்கிந்தியக் கும்பினிக்காரர் கைக்குப் போனது, கை மாறியது, 1856இல் அரசுத் தாவரவியல் பூங்கா ஆனது. 1874இல் வந்த ஜோன் கமரூன் முப்பது வருடத்துக்கு மேல் அதைப் பார்த்தார். கண்ணாடி மாளிகைக்கு அத்திவாரக் கல் வைத்தது 1889இல். பிறகு 1908இல் கிரும்பீகல் என்ற ஜெர்மானியர். ஹைதர் காலத்தில் தமிழ்ப் பக்கத்திலிருந்து வந்த தோட்டக்காரர்கள் என்று சொல்லப்படும் திகளர்களின் வழிவந்தவர்கள் இன்றும் பெங்களூரில் இருக்கிறார்கள். அரசர், கும்பினி, வெள்ளைக்காரர், ஜெர்மானியர், இப்போது கர்நாடக அரசு. ஒருவர் பின் ஒருவராக உரியவர்கள் போய்க்கொண்டிருந்தார்கள், தண்ணீர் நிற்கவில்லை. இதைத்தான் அம்மாவுக்குச் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன். நல்ல விடை கிடைத்துவிட்டது என்று எனக்குள் ஒரு திருப்தி.

சரி, புறப்படுவதற்கு முதல் நாள் மூவரும் திரும்பவும் லால்பாக் போனோம். திப்பு காலத்து மரங்கள் என்று சொல்லப்படும் மாமரங்கள் அங்கே உண்டு. அப்படி ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்தோம். பருத்து, முடிச்சு முடிச்சாக, ஒரு பக்கம் சாய்ந்த மரம். ஆனாலும் பூத்திருந்தது. அடியிலெல்லாம் மாம்பூ உதிர்ந்து கிடந்தது. அம்மா விழுந்து கிடந்த ஒரு இலையை எடுத்துக் கசக்கி மணந்து பார்த்தார். எங்கள் ஊரில் மாமர இனத்தை அப்படித்தான் பார்ப்பார்கள். கறுத்தக்கொழும்பானா, அம்பலவியா, விலாட்டா என்று இலை மணத்திலேயே சொல்லக்கூடிய ஆட்கள் உண்டு, அம்மா அதில் ஒருவர். இந்த இலையை மணந்துவிட்டு, "எனக்கு இது பிடிபடேல்லை" என்றார்.

நான் என் விடையைச் சொல்லத் தொடங்கினேன். ஹைதர், திப்பு, 1799, கும்பினி. அம்மா இலையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். முடித்தேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், என்னைப் பார்த்தல்ல, சின்னம்மாவைப் பார்த்துச் சொன்னார்:

"அந்த மாமரம் அவவின்ரதான். எனக்கு அப்பவே தெரியும்."

சின்னம்மாவுக்கு உடனே விளங்கிவிட்டது. எனக்கும்தான்.

வேலிச் சண்டை

எங்கள் வளவுக்குக் கிழக்குப் பக்கத்தில் ஒரு மாமி இருந்தார். இரண்டு வளவுக்கும் நடுவேலியில் ஒரு கறுத்தக்கொழும்பான். அடி சரியாக வேலிக்குள் நின்றது. ஒவ்வொரு வருடமும் வேலி அடைக்கும்போது கதியால் ஒரு சாண் இந்தப் பக்கம் வரும், அடுத்த வருடம் ஒரு சாண் அந்தப் பக்கம் போகும். என் பிள்ளைப் பருவத்தின் ஆனி ஆடி மாதமெல்லாம் அந்தச் சண்டைதான். விழுந்த பழத்தை யார் எடுப்பது, கொப்பை யார் வெட்டுவது. ஒருதரம் விதானையார் வந்து கயிறு பிடித்துப் பார்த்தார். அம்மா அப்போது, மரத்தை நட்டது தன் தாய், எங்கள் அம்மம்மா என்று சாதித்தார். மாமி தன் கலியாண வருடத்தில் தானே நட்டது என்றார். இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுவிட்டது. கோயிலில் கண்டாலும் முகம் திருப்புவார்கள். 1990 ஆனியில் ஊரே எழும்பியபோது மரம் நிறையக் காய் பழுத்து நின்றது. ஒருவரும் ஒரு பழமும் எடுக்கவில்லை. மாமி சில வருடங்களில் வன்னியில் காலமானார். பிள்ளைகள் கனடாவில்.

2018 சித்திரையில் இராணுவம் விடுவித்த காணிகளுக்குள் எங்களுடையதும் இருந்தது. போய்ப் பார்த்தபோது வீடு இல்லை, அத்திவாரமும் இல்லை. வேலி இல்லை, ஒழுங்கை இல்லை. எல்லாம் ஒரே பற்றை. கிணறு தூர்ந்து கிடந்தது. எந்த இடத்தில் நிற்கிறோம் என்றே தெரியாமல் சனங்கள் வெயிலில் அலைந்தார்கள். நாங்கள் வளவைப் பிடித்தது அந்தக் கறுத்தக்கொழும்பானை வைத்து. சுற்றியிருந்த எதையும் விட்டுவைக்காத இடத்தில் அந்த ஒரு மரம் எப்படித் தப்பியது என்று யாருக்கும் தெரியாது. அம்மா நேரே நடந்துபோய் அதன் அடியில் நின்று, மேற்காகக் கையை நீட்டி, "இதிலயிருந்து எங்கட" என்றார். நில அளவையாளர் பிறகு வந்து அளந்ததும் அம்மா காட்டிய கோடும் ஏறக்குறைய ஒன்றுதான். இப்போது அங்கே இரண்டு அறையில் ஒரு சிறிய வீடு கட்டி அம்மா இருக்கிறார். மாமியின் வளவு இன்னும் வெறும் பற்றைதான்.

லால்பாக் மாமரத்தடியில் அம்மா சொன்னது இவ்வளவுதான்: மாமி மரம் நட்ட நாள் அவருக்கு ஞாபகம் இருந்ததாம். கலியாணமாகி வந்த புதுசில், மாமி தகப்பன் வீட்டிலிருந்து ஒட்டுக்கன்றைச் சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்து நட்டாராம். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அம்மா பார்த்தாராம். தண்ணீர் ஊற்ற எங்கள் கிணற்றில்தான் அள்ளினாராம். "நான்தான் வாளி குடுத்தனான்" என்றார். சின்னம்மா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். நான் வைத்திருந்த விடை அதற்குப் பிறகு எதற்கும் பொருந்தவில்லை.

விமான நிலையத்துக்குப் புறப்படும்போது அம்மாவின் கைப்பையில் அந்த மாவிலையும் ஒரு இலவங்காயும் இருந்தன. விதையும் செடியும் அனுமதியில்லாமல் நாட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது என்று சொன்னேன். மறுபேச்சில்லாமல் இரண்டையும் எடுத்துச் சின்னம்மாவின் பூச்சாடியில் வைத்தார்.

ஊருக்கு வந்து ஒரு சனிக்கிழமை நான் பழைய பூங்காவுக்குப் போனேன். யாழ்ப்பாணக் கச்சேரியடிப் பழைய பூங்கா; கச்சேரி என்றால் அரசாங்கச் செயலகம். 1829 முதல் 1867 வரை இங்கே அரசாங்க அதிபராக இருந்த டைக் துரை இருந்த வளவு. போரில் இடிந்த பழைய கச்சேரிக் கட்டடம் இன்னும் அதற்குள் நிற்கிறது, பக்கத்திலேயே சின்னப் பிள்ளைகள் ஊஞ்சலாடுகிறார்கள். எத்தனையோ தரம் அந்த வழியால் பஸ்ஸில் போயிருக்கிறேன். உள்ளே நின்று ஒரு மரத்தையும் அண்ணாந்து பார்த்ததில்லை. அன்றைக்கு நோட்டும் பேனையும் கொண்டுபோய்ப் பெரிய மரங்களை ஒவ்வொன்றாக எழுதினேன். சிலவற்றின் பெயர் எனக்கே தெரியவில்லை. அடுத்த தவணையில் பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளைக் கூட்டிவந்து எழுதி முடிப்பதென்று பாடசாலை அதிபரிடம் கேட்டிருக்கிறேன். பேராதனைக்குப் போகும் முன் அவர்கள் இங்கே வரட்டும். பெயர்ப்பலகை வைக்க மாநகரசபை விடுமா, செலவுக்கு என்ன செய்வது என்பதெல்லாம் இனித்தான் பார்க்க வேண்டும். ஆனால் நான் இதைச் செய்யத்தான் போகிறேன்.

போன கிழமை அம்மாவிடம் போயிருந்தேன். ஆனி மாதம், மரம் நிறையப் பழம். படலை திறந்து கிடந்தது. மாமியின் வளவுப் பக்கம் நாலைந்து பெடியள், திரும்பி வந்து குடியேறிய வீடுகளின் பிள்ளைகள், மரத்துக்குக் கல்லெறிந்துகொண்டு நின்றார்கள். என்னைக் கண்டதும் ஓடப் பார்த்தார்கள். உள்ளேயிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

"கல்லெறியாதையுங்கோடா, கொப்பு முறிஞ்சுபோம். நில்லுங்கோ, கொக்கத்தடி கொண்டாறன்."